வேலியில் கரண்ட் எங்கிருந்து வந்தது?

எங்கள் அப்புச்சி தோட்டத்து வேலி ஷாக் அடிக்கும்.

காட்டுப்பன்றிக்கு வைக்கிற மின்வேலி எல்லாம் இல்லை. கல்லுக்கால் நட்டு நாலு வரிசை முள்கம்பி இழுத்த சாதாரண வேலி. மோட்டார் ரூம் தோட்டத்தின் இந்தக் கோடியில், வேலி அந்தக் கோடியில். இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் தண்ணி பாய்ச்சிவிட்டு ஈரக்காலோடு வந்து கம்பியைத் தொட்டால் 'சுருக்'. ஊசியால் குத்தின மாதிரி இருக்கும்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது தோட்டத்தின் கிழக்கு ஓரமாக 400 கிலோவோல்ட் லைன் போனது. டவர் பக்கத்துத் தோட்டத்தில். எங்களுக்கு மேலே கம்பி மட்டும். "டவரு நம்ம நெலத்துல வரல, தப்பிச்சோம்" என்று அம்மிச்சி சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அடுத்த கோடையில் இந்த சுருக் ஆரம்பித்தது.

அப்புச்சி ஒரே முடிவுக்கு வந்துவிட்டார். லைனில் கரண்ட் கசிகிறது. ஊர் எலெக்ட்ரீஷியன் ஒருத்தரைக் கூட்டி வந்து டெஸ்டரை வைத்துப் பார்க்கச் சொன்னார். கம்பியில் வைத்ததும் டெஸ்டர் மினுக் மினுக் என்று எரிந்தது. போதாதா? மனு கொடுத்தார். சில மாதம் கழித்து ஒரு அதிகாரி வந்தார், அண்ணாந்து பார்த்தார், டவரைச் சுற்றி வந்தார். "லைன்ல எந்த லீக்கும் இல்லீங்க பெரியவரே. எல்லாம் சரியா இருக்கு. ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் கிளம்பின அரைமணி நேரத்தில் அப்புச்சி மறுபடி வேலியைத் தொட்டார். மறுபடி சுருக்.

லீக் இல்லை என்று படித்தவர் சொல்கிறார். கை வலிக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு விவசாயி என்ன செய்வார்? அந்தப் பக்கம் இருந்த ஒன்றரை ஏக்கரை வந்த விலைக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார். ஊரில் போகிற தொகையில் பாதிகூட இல்லை. "கரண்ட்டு கசியற காட்டுக்கு யாரு முழு ரேட்டு குடுப்பா?" என்று குத்தகைக்காரரே கேட்டாராம்.

இதில் எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று இருக்கிறது. இதற்கெல்லாம் ஒரு வருடம் முன்பே, எட்டாவது அறிவியலில், இதற்கான விடையை எழுதி முழு மார்க் வாங்கியவன் நான்.

"மின்னூட்டம் பெற்ற ஒரு பொருளை, மின்னூட்டம் இல்லாத கடத்தியின் அருகில், தொடாமல் கொண்டு வரும்போது..." என்று ஆரம்பிக்குமே, அதே நிலைமின் தூண்டல்தான். படம் வேறு போடவேண்டும். ஒரு கம்பு, ஒரு உருண்டை, உருண்டையின் ஒரு பக்கம் பிளஸ் பிளஸ் பிளஸ், இன்னொரு பக்கம் மைனஸ் மைனஸ் மைனஸ். ஸ்கேல் வைத்து அழகாகக் கோடு போட்டிருந்தேன். அந்தக் கம்புதான் தலைக்கு மேலே போகிற லைன், அந்த உருண்டைதான் அப்புச்சியின் வேலி என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதினொன்றாம் வகுப்பில் காமர்ஸ் குரூப் எடுத்தேன். இயற்பியலுக்கும் எனக்கும் இருந்த கணக்கு அத்தோடு முடிந்தது.

(பி.காம் படிக்கிறவனுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்களுக்கு: கொஞ்சம் பொறுங்கள். பி.காம் படித்ததால்தான் இது எனக்குப் புரிந்தது என்று சொல்லப்போகிறேன் :-)

போன வருடம் ஹாஸ்டலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரூம்மேட்டின் தம்பிக்கு ஸ்கூல் புராஜெக்ட். வீடியோ காலில் அண்ணனை உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். ஜாம் பாட்டில், அதன் பிளாஸ்டிக் மூடியில் ஓட்டை போட்டுச் செருகிய செம்புக் கம்பி, கம்பியின் கீழ் முனையில் சாக்லேட் சுற்றி வரும் அலுமினியத் தாளில் இரண்டு சின்னத் துண்டு. இதற்கு நிலைமின்காட்டி என்று பெயர். நாங்களும் இங்கே ஒன்று செய்து பார்த்தோம். சென்னையில் இருக்கிறவர்கள் மழைக்காலத்தில் செய்து பார்த்துவிட்டு என்னைத் திட்ட வேண்டாம். காற்றில் ஈரம் இருந்தால் சரியாக வராது. ஏசி ரூமில் நன்றாக வரும்.

பிளாஸ்டிக் ஸ்கேலைத் தலைமுடியில் தேய்த்துக் கம்பியின் மேல் முனைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், கீழே இரண்டு தாளும் விலகி நிற்கும். ஸ்கேலை எடுத்தால் பழையபடி தொங்கும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

அடுத்து செய்தது எனக்குத் தெரியாதது. ஸ்கேலைப் பக்கத்தில் வைத்தபடியே, இன்னொரு கை விரலால் கம்பியைத் தொட்டோம். விலகி நின்ற தாள்கள் பொத்தென்று விழுந்தன. விரலை எடுத்தோம். அப்படியே தொங்கின. கடைசியாக ஸ்கேலையும் எடுத்தோம். இப்போது எதுவுமே பக்கத்தில் இல்லை, ஆனால் தாள்கள் மறுபடி விலகி நின்றன! ஸ்கேல் கம்பியைத் தொடவே இல்லை. ஸ்கேலில் இருந்து ஒரு துளி மின்னூட்டம்கூடக் கம்பிக்குப் போகவில்லை. அப்படியானால் இது எங்கிருந்து வந்தது?

வரிசையை மாற்றிச் செய்தோம். முதலில் ஸ்கேலை எடுத்துவிட்டு, பிறகு விரலை எடுத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. தாள்கள் சும்மா தொங்கின.

இங்கேதான் என் மண்டையில் இருந்த கணக்குப்பிள்ளை விழித்துக்கொண்டான்.

ஒரு உலோகத்தை ஒரு கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கட்டடமும் இருக்கிறது, ரொக்கமும் இருக்கிறது. கட்டடம் நகராது, ரொக்கம் நகரும். உலோகத்தில் அணுக்கருவோடு இருக்கும் பிளஸ் கட்டடம் மாதிரி, இடத்தைவிட்டு அசையாது. எலக்ட்ரான்களில் ஒரு பகுதிதான் கடை முழுக்கச் சுற்றிவரும் ரொக்கம். இரண்டும் சமமாக இருப்பதால் மொத்தக் கணக்கு பூஜ்யம். இப்போது மைனஸ் ஏறிய ஸ்கேல் வாசலுக்கு வருகிறது. எலக்ட்ரான்களுக்கு அது பிடிக்காது. வாசல் கல்லாவில் இருந்த ரொக்கம் எல்லாம் பின்கட்டுக்கு ஓடுகிறது. வாசலில் பற்றாக்குறை, பின்கட்டில் உபரி. ஆனால் பேரேட்டில் மொத்தம் இன்னும் பூஜ்யம்தான். ஒரு ரூபாய் கடைக்குள் வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. ஸ்கேல் போய்விட்டால் ரொக்கம் திரும்பி வந்துவிடும். அதனால்தான் தாள்கள் மறுபடி தொங்கின.

தூண்டல் என்பது இவ்வளவுதான். அது எதையும் கொடுப்பதில்லை, எதையும் எடுப்பதில்லை. இருப்பதை இடம் மாற்றுகிறது. எட்டாம் வகுப்பில் "தூண்டல் மூலம் மின்னேற்றம்" என்று படித்துவிட்டு, ஸ்கேலில் இருந்து ஏதோ பாய்ந்து உலோகத்துக்குப் போகிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

கணக்கு மாறுவது விரல் வைக்கும்போது. விரல் என்பது பின்கட்டுக் கதவு. கதவு திறந்ததும், பின்கட்டில் நெருக்கிக்கொண்டிருந்த உபரி என் உடம்பு வழியாக வெளியே போய்விடுகிறது. கதவை மூடிவிட்டு ஸ்கேலை எடுத்தால், போன ரொக்கம் போனதுதான். கடையில் இப்போது நிஜமாகவே பற்றாக்குறை, அதாவது பிளஸ். ஸ்கேலை முதலில் எடுத்தால், கதவு இன்னும் திறந்திருக்கிறது, போன ரொக்கம் அதே வழியாகத் திரும்பி வந்துவிடும், கணக்கு சரியாகிவிடும். வரிசைதான் எல்லாம். மார்ச் 31 ராத்திரி ஒரு பதிவு போட்டு ஏப்ரல் 1 காலையில் அதைத் திருப்பிப் போடுகிற ஆட்களைப் பற்றி ஆடிட்டிங் வகுப்பில் படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

இந்தக் கணக்கைச் சல்லிக்காசு பிசகாமல் தணிக்கை செய்தவர் மைக்கேல் பாரடே. 1843-ல், ஐஸ் வைக்கும் ஒரு உலோக வாளியை எடுத்தார். தரையோடு தொடர்பில்லாமல் நிறுத்தி, வெளிப்பக்கத்தை ஒரு தங்க இலை நிலைமின்காட்டியோடு இணைத்தார். மின்னேற்றிய பித்தளைக் குண்டைப் பட்டு நூலில் கட்டி உள்ளே இறக்கினார். குண்டு எதையும் தொடவில்லை, இலைகள் விலகின. உள்ளே குண்டை இப்படி அப்படி நகர்த்தினார். இலைகள் அதே அளவில் நின்றன. கடைசியில் குண்டை வாளியின் உட்புறத்தில் தொடவிட்டார். இலைகள் இம்மிகூட அசையவில்லை. ஆனால் குண்டை வெளியே எடுத்துப் பார்த்தால் அதில் மின்னூட்டமே இல்லை, சுத்தமாகத் துடைத்த மாதிரி. அதாவது குண்டில் எவ்வளவு இருந்ததோ, மிகச்சரியாக அவ்வளவு எதிர் மின்னூட்டம் வாளியின் உட்புறத்தில் வந்து நின்றிருக்கிறது. அவ்வளவே வெளிப்புறத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. பற்று வரவு டாலி! பாரடே ஒரு புக் பைண்டரிடம் வேலை கற்றுக்கொண்டே வளர்ந்தவர், கல்லூரிப் படிப்பு கிடையாது. இதை எங்கள் டிபார்ட்மெண்ட் ஆட்களுக்காக இங்கே சொல்லி வைக்கிறேன்.

சரி, வேலிக்கு வருகிறேன்.

ஸ்கேலில் மைனஸ் நிலையாக இருக்கும். தலைக்கு மேலே போகிற லைன் அப்படி இல்லை. நொடிக்கு 50 சுற்று, பிளஸ்ஸும் மைனஸுமாக மாறிக்கொண்டே இருக்கும். அதற்கு அடியில் ஒரு நீளமான உலோகம் கிடக்கிறது. லைன் பிளஸ் ஆகும்போது கீழே இருக்கும் எலக்ட்ரான்களை மேலே இழுக்கிறது, மைனஸ் ஆகும்போது கீழே தள்ளுகிறது. கம்பி தனியாக நின்றால் அதற்குப் போக இடமில்லை, உள்ளேயே நெளிந்துகொண்டிருக்கும். ஆனால் பூமியைப் பொறுத்தவரை அந்தக் கம்பியின் மின்னழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. அப்போது ஈரக்காலோடு ஒருவர் வந்து கையை வைக்கிறார். கதவு திறந்துவிட்டது. மண்ணில் இருந்து வேலிக்கும் வேலியில் இருந்து மண்ணுக்கும் எலக்ட்ரான்கள் அவர் உடம்பு வழியாகப் போய் வருகின்றன. நாங்கள் பாட்டிலில் வைத்த விரல்தான் அப்புச்சி.

ஆக, அதிகாரி சொன்னது சத்தியமான உண்மை. லைனில் எந்தக் கசிவும் இல்லை. அப்புச்சி சொன்னதும் சத்தியமான உண்மை. வேலி அடித்தது. இருவரும் ஒரே விஷயத்தில் தவறினார்கள். கரண்ட் அடிக்க வேண்டும் என்றால் லைனில் இருந்து கரண்ட் வந்தாக வேண்டும் என்று நினைத்தார்கள். ஒருவர் "வரவில்லை, அதனால் அடிக்காது" என்றார். இன்னொருவர் "அடிக்கிறது, அதனால் வருகிறது" என்றார்.

கவனித்திருந்தால் ஒரு துப்பு எங்கள் கண் முன்னாலேயே இருந்தது. மழை பெய்த மறுநாள் வேலி அடிக்காது. கசிவாக இருந்தால் மழையில்தானே அதிகமாக வேண்டும்? நடந்தது தலைகீழ். காய்ந்த கல்லுக்கால் வேலியை மண்ணில் இருந்து பிரித்து வைக்கிறது. நனைந்த கல்லுக்கால் மண்ணோடு சேர்த்துவிடுகிறது. வேலிக்கு வேறு கதவு கிடைத்துவிட்டது, அப்புச்சி தேவையில்லை. "மழைக்குக் கரண்ட்டு அடங்கிருது" என்று அம்மிச்சி பலமுறை சொன்னார். நாங்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அது அப்புச்சியின் உயிரை எடுத்திருக்கும் என்று பூச்சாண்டி காட்ட வரவில்லை. வோல்ட் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், ஒரு சின்ன வேலியில் இருந்து உடம்பு வழியாகப் பாயும் மின்னோட்டம் மிகக் குறைவு. சுருக்கென்று குத்தும், அவ்வளவுதான். ஆனால் உலோகம் பெரிதாகப் பெரிதாக அந்த அளவும் கூடும். லைனுக்கு அடியில் லாரியோ அறுவடை மிஷினோ நிற்கிறது என்று வையுங்கள். ரப்பர் டயர் இருக்கிறது, பாதுகாப்பு என்று நினைப்போம். அந்த ரப்பர்தான் வண்டியை மண்ணில் இருந்து பிரித்து, தனித்த கடத்தியாக்கி வைக்கிறது. கீழே நின்றுகொண்டு கைப்பிடியைத் தொடுகிறவருக்குத்தான் சுருக். அமெரிக்காவின் தேசிய மின் பாதுகாப்பு விதிகளில், உயரழுத்த லைனுக்கு அடியில் வரக்கூடிய மிகப் பெரிய வண்டியைத் தொட்டாலும் இப்படிப் பாயும் மின்னோட்டம் 5 மில்லி ஆம்பியரைத் தாண்டக்கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். இதற்கு விதி எழுதுகிற அளவுக்கு விஷயம் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். அப்புறம் எப்படி ஒரு கிழவருக்கு "ஒண்ணும் ஆகாது" மட்டும் பதிலாகக் கிடைத்தது? இதுதான் என் கோபம்.

2004-ல் ரிச்சர்ட் பாக்ஸ் என்ற ஓவியர் இங்கிலாந்தில் ஒரு உயரழுத்த லைனுக்கு அடியில், வயலில், 1,301 டியூப்லைட்டுகளை நட்டு வைத்தார். வயரே இல்லாமல் அத்தனையும் ராத்திரியில் எரிந்தன. படம் பார்த்தால் அசந்துபோவீர்கள். அங்கே அது கலை. எங்கள் ஊரில் அதே விஷயம் குத்தகை ரேட்டைப் பாதியாக்கியது.

இதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு சாவு இருக்கிறது. 1753-ல் லண்டனில் ஜான் கேன்டன் என்ற பள்ளி ஆசிரியர், நூலில் தொங்கவிட்ட தக்கை உருண்டைகளை வைத்து, தொடாமலேயே மின்னூட்டம் இடம் மாறுவதைப் பற்றி எழுதினார். அதே வருடம் ஆகஸ்டில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கியோர்க் வில்ஹெல்ம் ரிச்மன் என்ற பேராசிரியர், மேகத்தின் மின்சாரத்தை அளக்க, வீட்டுக் கூரையில் நட்ட இரும்புக் கம்பியில் இருந்து அறைக்குள் ஒரு இணைப்பு கொண்டு வந்திருந்தார். அளவு தெரியவேண்டும் என்பதற்காக அது மண்ணோடு சேராமல் தனித்து நின்றது. இடி இடிக்கும்போது அளவுமானியைப் பார்க்கக் குனிந்தார். அறைக்குள் மண்ணுக்குப் போகக் கிடைத்த வழி அவர் உடம்புதான். அந்த இடத்திலேயே இறந்தார். மின்சார ஆராய்ச்சியில் உயிர்விட்ட முதல் ஆட்களில் ஒருவர். அவரைக் கொன்றது மின்னல், எங்கள் வேலியில் வந்த சுருக் இல்லை. அதன் அளவும் வேறு. ஆனால் மண்ணைத் தொடாத கம்பி, மண்ணைத் தொட்டபடி ஒரு மனிதன் என்ற அமைப்பு அதே அமைப்புதான்.

எங்கள் பிரச்சினையைத் தீர்த்தது நான் இல்லை, என் பாட்டிலும் இல்லை. லீவில் ஊருக்குப் போய் நான் ஸ்கேல் கதையை விளக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து ஊரில் இருக்கும் ஓய்வு பெற்ற லைன்மேன் ஒருவர் டீ குடிக்க வந்திருந்தார். பாதியிலேயே புரிந்துகொண்டு சிரித்தார். "அட, வேலிக்கு எர்த்து போடோணும் கண்ணு. இதுக்கா ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு உட்டீங்க?"

மறுநாள் அவரே வந்தார். ஒரு ஜிஐ பைப், கொஞ்சம் கம்பி, கரி, உப்பு. வேலியோரம் ஆழமாகக் குழி எடுத்துப் பைப்பை இறக்கினார். நான் ஆர்வக்கோளாறில் கம்பியின் ஒரு முனையை எடுத்து வேலியில் கட்டப்போனேன். கையைத் தட்டிவிட்டார். "மொதல்ல எர்த்துல கட்டு. அப்புறந்தான் வேலில. கழட்டறப்ப வேலில இருந்து மொதல்ல கழட்டோணும், எர்த்து கடைசி. மாத்திச் செஞ்சா நீதான் எர்த்து."

அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்னதைத்தான் நான் மறக்கமாட்டேன். ஒரே டவரில் இரண்டு பக்கமும் லைன் போகும். ஒரு பக்கத்தை நிறுத்திவிட்டு வேலை செய்யும்போது மறுபக்கம் ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்திய கம்பி எதனோடும் சேராமல் பீங்கானில் தொங்குகிறது. பக்கத்தில் உயிருள்ள லைன். அதாவது பாட்டில் கம்பியும் ஸ்கேலும். "ஆஃப் பண்ணியாச்சுன்னு போன்ல சொல்லுவாங்க. சொல்றது நெசந்தான். ஆனா ஆஃப் பண்ணின கம்பி செத்த கம்பி இல்ல. எர்த்து ராடு மாட்டினாத்தான் அது செத்த கம்பி." வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் மாட்டாமல் ஏறவே கூடாதாம். இவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட ஏறிய ஒருத்தர் அவசரத்தில் அதைச் செய்யவில்லை. என்ன ஆனது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

(நீளமான வேலி லைனுக்கு இணையாகவே வெகுதூரம் போனால் கதை கொஞ்சம் மாறும். லைனில் ஓடும் மின்னோட்டத்தின் காந்தப்புலமும் வேலை காட்டும். அது வேறு வகைத் தூண்டல். அதற்கு ஒரு எர்த் போதாது, பல இடங்களில் போடவேண்டும், வேலியை நடுநடுவே துண்டித்து இன்சுலேட்டர் வைக்கவேண்டும் என்றார் லைன்மேன். ஆகவே இதைப் படித்துவிட்டு நீங்களாகவே பைப் வாங்கக் கிளம்பாதீர்கள், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.)

என் கருத்து இதுதான். எட்டாம் வகுப்புப் பாடத்தில் தூண்டல் ஒரு பக்கம், புவித்தொடுப்பு வேறொரு பக்கம், நடுவில் இடி மின்னல். மூன்றும் தனித்தனிக் கேள்வி, தனித்தனி மார்க். ஒன்றோடொன்று சேர்த்துக் காட்டினால் ஒரு வகுப்பு போதும், அதுவும் ஒரு ஜாம் பாட்டிலோடு. வரையறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, "இந்தக் கம்பி மண்ணைத் தொடுகிறதா? தொடவில்லை என்றால், தொடும்போது யார் வழியாகத் தொடும்?" என்று கேட்கக் கற்றுக்கொடுத்தால் போதும் என்று நினைக்கிறேன். அதற்கு பிளஸ் மைனஸ் படம்கூட வேண்டாம். சயின்ஸ் குரூப் எடுப்பவர்களுக்கு இது பன்னிரண்டாம் வகுப்பில் மறுபடி வரும். எங்களை மாதிரி ஆட்களுக்கு எட்டாவதுதான் கடைசி பஸ். நிலம் வாங்குவதும், குத்தகை எழுதுவதும், லைனுக்கு அடியில் தகரக் கொட்டகை போடுவதும் நாங்களும்தானே?

இன்னொன்று, "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு. அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. அவருக்குக் காரணம் தெரிந்தும் இருக்கலாம், கிராமத்துப் பெரியவருக்கு எங்கே புரியப்போகிறது என்று விட்டிருக்கலாம். ஆனால் நாற்பது வருடமாக மண், ஈரம், வெயில் மூன்றையும் கணக்குப் போட்டு வாழ்கிறவர் அவர். காய்ந்தால் அடிக்கும், நனைந்தால் அடிக்காது, மண்ணோடு சேர்த்துவிட்டால் அடங்கிவிடும் என்று மூன்று வரியில் சொல்லியிருந்தால் அன்றைக்கே புரிந்திருப்பார். லைன்மேன் சொன்னபோது இரண்டு நிமிடத்தில் புரிந்துகொண்டார். "ஓ, மோட்டாருக்குப் போட்டிருக்கற எர்த்து மாதிரியா" என்று கேட்டார். அவ்வளவுதான்.

குத்தகை இந்தத் தை மாதம் முடிந்தது. அப்புச்சி புதுப்பிக்கவில்லை. அந்த ஒன்றரை ஏக்கரில் மஞ்சள் போட்டிருக்கிறார். வேலி இப்போது அடிப்பதில்லை. இருந்தாலும் பிடிப்பதற்கு முன் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிடிக்கிறார். எர்த் குழி காய்ந்தால் வேலை செய்யாது என்று லைன்மேன் சொல்லிவிட்டுப் போனதால், தென்னம்பிள்ளைகளுக்குத் தண்ணி விடும்போது அதற்கும் ஒரு குடம் ஊற்றிவிடுகிறார்.